லோக்கி விட்டுச்சென்றவை: லினக்ஸ் கணினி விளையாட்டுகளின் வரலாறு

மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் இயங்குதளங்களைத் திறமூல இயங்குதளங்கள் என்பர். மேசைக் கணினிகளில் அவற்றுள் மிகுதியாகப் புழங்குவது லினக்ஸ். சேவையகங்களுக்கும் நிரலாளர்களுக்கும் ஏற்றது, விளையாட்டுக்கு ஏற்றதன்று என்ற பெயர் அதற்கு நெடுங்காலம் நிலைத்திருந்தது. அந்தப் பெயர் மாறியதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2013இல் வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் கடையை லினக்ஸுக்குக் கொண்டுவந்ததிலிருந்தோ, 2022இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்ததிலிருந்தோ தொடங்குகின்றனர். அது இவ்வரலாற்றின் பிற்பகுதி மட்டுமே. வால்வ் எடுத்துப் பயன்படுத்திய முதன்மையான கருவிகள், வணிகத்தில் தோற்று மூடப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தின் அரவணைப்பிலும், ஊதியம் கருதாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்த நிரலாளர்களின் கைகளிலும் வளர்ந்தவை. அந்த நிறுவனம் அழிந்த பின்னும் அவை அழியாமல் போனதற்கு அவற்றின் திறந்த உரிமமே காரணம்.

லினக்ஸ் பின்பற்றிய யூனிக்ஸ் மரபுக்கு விளையாட்டு அயலானதன்று. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், சூரிய மண்டலத்தில் விண்கலத்தைச் செலுத்தும் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற தம் விளையாட்டை, அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 கணினிக்கு மாற்றியமைத்தார். அந்த வேலையில் அக்கணினியோடு ஏற்பட்ட பழக்கமே யூனிக்ஸின் தொடக்கத்துக்கு வழிவிட்டது. 1980 அளவில் கலிபோர்னியாவில் மாணவர்களாக இருந்த மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் எழுதிய 'ரோக்', எழுத்துக்குறிகளால் மட்டுமே வரையப்பட்ட நிலவறைக்குள் விளையாடுவோரை அலையவிட்டு, பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் வழியாகக் கல்லூரி தோறும் பரவியது. 1987இல் வெளிவந்த 'நெட்ஹேக்' அதன் வழித்தோன்றல். பல தலைமுறைத் தன்னார்வலர்களின் கைபட்டு இன்றும் அது விளையாடப்படுகிறது.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். கருனி என்பது வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையே நின்று நினைவகத்தையும் கருவிகளையும் பங்கிட்டுக் கொடுக்கும் இயங்குதளத்தின் உட்பகுதி. அது வந்து மூன்று ஆண்டுகளுக்குள், அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டு அதில் ஓடியது. 1993 டிசம்பரில் டாஸ் இயங்குதளத்துக்கு 'டூம்' விளையாட்டை வெளியிட்ட ஐடி சாப்ட்வேர் நிறுவனத்தில் பணியாற்றிய டேவ் டெய்லர், 1994இல் அதை லினக்ஸுக்கு மாற்றியமைத்தார். டூம் உருவானதே யூனிக்ஸ் வழிவந்த நெக்ஸ்ட் கணினிகளில் என்பதாலும், அதன் மூலநிரலின் பெரும்பகுதி எந்தக் கணினியையும் சாராமல் எழுதப்பட்டிருந்ததாலும் இந்த மாற்றம் கைகூடியது.

ஆயினும் அக்கால லினக்ஸில் ஒரு விளையாட்டைத் திரைக்குக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. சாளரங்களை வரைவதற்கு இருந்த எக்ஸ் என்ற அமைப்பு, வினாடிக்குப் பல முறை முழுத்திரையையும் மாற்றி வரையும் வேலைக்காக வடிவமைக்கப்பட்டதன்று. ஆகவே வேகம் வேண்டிய விளையாட்டுகள் அதை விட்டு விலகி, எஸ்விஜிஏலிப் என்ற நிரலகத்தின் வழியாக வரைகலை அட்டையை நேரடியாகத் தொட்டன. நிரலகம் என்பது பல நிரல்கள் பொதுவாக அழைத்துக்கொள்ளும் ஆயத்தச் செயல்களின் தொகுப்பு. வன்பொருளை நேரடியாகத் தொட வேண்டுமானால் கணினி முழுவதன் மீதும் அதிகாரமுள்ள 'ரூட்' உரிமையோடு அந்த விளையாட்டு ஓட வேண்டும். அதில் ஒரு பிழை இருந்தால் திரை உறைந்துபோவதும், விசைப்பலகை செயலிழப்பதும், கணினியை அணைத்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லாமல் போவதும் நிகழ்ந்தன. ஒலியின் நிலையும் அதுவே. பல ஒலி அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஒலிக்கருவியைத் திறக்க முடிந்ததால், பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் விளையாட்டு ஊமையாகவே ஓடியது.

1997 டிசம்பரில் ஐடி நிறுவனத்தின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் டூமின் மூலநிரலை வெளியிட்டார். அவர் வெளியிட்டது டாஸ் பதிப்பையன்று, லினக்ஸ் பதிப்பையே. டாஸ் பதிப்பின் ஒலிப்பகுதி வெளியாரிடமிருந்து உரிமம் பெற்ற நிரலகமாதலால் அதை வெளியிட அவருக்கு உரிமை இல்லை; லினக்ஸ் பதிப்பில் அந்தத் தடை இல்லை. முதலில் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று தந்த அந்த நிரலை 1999இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார். நிரலை மாற்றி வெளியிடுவோர் தம் மாற்றங்களின் மூலநிரலையும் தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் விதி. உலகில் பின்னாளில் தோன்றிய எண்ணற்ற டூம் பதிப்புகள் பலவற்றின் மூதாதை இந்த லினக்ஸ் நிரல்தான் என்பது பலர் அறியாதது. 1999 இறுதியில் 'குவேக்', 2001இல் 'குவேக் 2', 2005இல் 'குவேக் 3' என ஐடியின் மூலநிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன.

ஐடி நிறுவனம் செய்தது விருப்பத்தால் செய்த பணி. லினக்ஸ் விளையாட்டுகளை விற்றே பிழைக்க முடியும் என்று நம்பி முதலிட்டு இறங்கியது லோக்கி சாப்ட்வேர். ஸ்காட் டிரேக்கர் 1998இல் தொடங்கி, கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில் நடத்திய இந்த நிறுவனம், பிற பதிப்பகங்களின் விண்டோஸ் விளையாட்டுகளுக்கு உரிமம் பெற்று, அவற்றைத் தானே லினக்ஸுக்கு மாற்றியமைத்து, பெட்டிகளில் இட்டு விற்றது. 1999 மே மாதத்தில் 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' முதலாவதாக வந்தது. அதனைத் தொடர்ந்து 'ரெயில்ரோட் டைகூன் 2', 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3', 'ஆல்பா சென்டாரி', 'சிம்சிட்டி 3000', 'டிசென்ட் 3' எனப் பெயர்பெற்ற விளையாட்டுகள் மூன்று ஆண்டுகளுக்குள் அணிவகுத்து வந்தன. லினக்ஸ் நிறுவனங்களின் பங்குகள் அமெரிக்கச் சந்தையில் வானளாவ ஏறிய காலம் அது. மேசைக் கணினியிலும் லினக்ஸ் விரைவில் இடம்பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது.

லோக்கியின் தலைமை நிரலாளர் சாம் லான்டிங்கா. லோக்கியில் சேருமுன்பே 1998இல் அவர் எழுதத் தொடங்கியிருந்த எஸ்டிஎல் என்ற நிரலகத்தை அந்த நிறுவனம் தன் மாற்றுப்பணிகளுக்கு ஆதாரமாக்கிக் கொண்டது. எஸ்டிஎல் செய்வது பார்வைக்கு எளியது. சாளரத்தைத் திறப்பது, விசை அழுத்தத்தையும் சுட்டியின் அசைவையும் பெறுவது, ஒலியை அனுப்புவது ஆகியவற்றுக்கு ஒரே வகை அழைப்புகளைத் தந்து, அவற்றை விண்டோஸில் விண்டோஸின் முறைப்படியும் லினக்ஸில் லினக்ஸின் முறைப்படியும் நிறைவேற்றுகிறது. அதனால் விளையாட்டின் நிரலாளர் எக்ஸ் அமைப்பின் நுணுக்கங்களையோ ஒவ்வொரு ஒலி அமைப்பின் குணத்தையோ அறிந்திருக்கத் தேவையில்லை. நாளை புதிய ஒலி அமைப்பு வந்தாலும் எஸ்டிஎல்லை மாற்றினால் போதும், விளையாட்டை மாற்ற வேண்டியதில்லை. முப்பரிமாண ஒலிக்கான ஓப்பன்ஏஎல் என்ற நிரலகமும் லோக்கியில் தோன்றி, கிரியேட்டிவ் நிறுவனத்தின் கூட்டோடு வளர்ந்தது. நிறுவல் நிரலும் காணொளி இயக்கும் நிரலகமும் அவ்வாறே. இவற்றை லோக்கி திறந்த உரிமத்தில் வெளியிட்டது. விளையாட்டுகளின் மூலநிரல் பதிப்பகங்களின் சொத்தாகப் பூட்டப்பட்டே இருந்தது. 1999இல் அட்லான்டாவில் நடந்த லினக்ஸ் கண்காட்சியில் லோக்கி நடத்திய போட்டி இந்த எல்லையை நன்றாகக் காட்டும்: தேர்ந்தெடுக்கப்பட்ட நிரலாளர்களுக்குச் 'சிவிலைசேஷன்' விளையாட்டின் மூலநிரல் 48 மணி நேரத்துக்குத் திறந்துவிடப்பட்டது, அதற்குள் அவர்கள் வேண்டிய மாற்றங்களைச் செய்தனர், ஆனால் வெளியே போனவை இயக்கத்தக்க கோப்புகள் மட்டுமே.

விற்பனை லோக்கியின் கணக்குக்கு எட்டவில்லை. 'குவேக் 3' அதற்குத் தெளிவான சான்று. லோக்கி தகரப் பெட்டியில் அழகாக வெளியிட்ட அதன் லினக்ஸ் பதிப்பு, விண்டோஸ் பதிப்புக்குப் பின்னரே கடைகளை அடைந்தது. விண்டோஸ் பெட்டியை வாங்கியவரும் லினக்ஸுக்கான இயக்கக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி அதே குறுவட்டோடு பயன்படுத்த முடிந்ததால், காத்திருக்க மனமில்லாத லினக்ஸ் பயனர்கள் விண்டோஸ் பெட்டியையே வாங்கினர், விற்பனைக் கணக்கில் அவர்கள் விண்டோஸ் பயனர்களாகவே பதிவாயினர். பெரும்பாலான விளையாட்டுகள் விண்டோஸில் வந்து பல மாதங்கள் கழித்தே லினக்ஸுக்கு வந்தன. அதற்குள் இரு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்திருந்தவர்கள் அவற்றை விண்டோஸில் விளையாடி முடித்திருந்தனர். உரிமத்தொகையை முன்னதாகக் கட்டிவிட்டுச் சில்லறை விற்பனையை எதிர்பார்த்திருந்த நிறுவனம் இதைத் தாங்கவில்லை. இணையப் பங்குகளின் சரிவுக்குப் பின் புதிய முதலீடும் கிடைப்பது அரிதாயிற்று. 2001 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கோரிய லோக்கி 2002 ஜனவரியில் மூடப்பட்டது.

லினக்ஸ் பயனர்கள் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்ற முடிவுக்குப் பதிப்பகங்கள் வந்தன. அந்த முடிவு பிழையானது. கடையில் கிடைக்காத, காலந்தாழ்ந்து வந்த, முழுவிலை கேட்ட ஒரு பொருள் விற்காமல் போனதை வாங்குவோரின் குணமாகக் கொண்டது அது. 2010 மே மாதத்தில் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்ற பெயரில் 'வேர்ல்ட் ஆஃப் கூ' முதலிய சிறு நிறுவனங்களின் விளையாட்டுகள் ஒரே தொகுப்பாக, வாங்குபவர் விரும்பிய விலைக்கு, லினக்ஸ் உள்ளிட்ட மூன்று இயங்குதளங்களுக்கும் ஒரே நாளில் விற்கப்பட்டபோது, லினக்ஸ் பயனர்கள் சராசரியாக விண்டோஸ் பயனர்களைவிட அதிகத் தொகை கொடுத்தனர். ஆனால் அதற்குள் லோக்கி மூடப்பட்டு எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இடைப்பட்ட காலத்தை நிரப்பியவர்கள் தன்னார்வலர்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கி 1996இல் வெளியிட்ட 'ஃப்ரீசிவ்', 2003இல் டேவிட் ஒயிட் தொடங்கிய 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' போன்ற திறமூல விளையாட்டுகள் வளர்ந்தன. லோக்கியிலிருந்து வெளியேறிய ரயன் கார்டன் தனியாளாகப் பல விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றித் தந்தார். எஸ்டிஎல்லைப் பேணுவதிலும் அவர் பங்கு பெரிது.

மற்றொரு வழி, விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டை மாற்றாமல் அப்படியே லினக்ஸில் ஓட்டுவது. 1993இல் தொடங்கி, 1994 முதல் அலெக்ஸாந்த்ர் ஜூலியார் தலைமையில் வளர்ந்த வைன் என்ற திட்டம் இதற்கானது. விண்டோஸ் நிரலும் லினக்ஸ் நிரலும் ஒரே வகைச் செயலியின் கட்டளைகளால் ஆனவை. வேறுபடுவது அவை இயங்குதளத்திடம் உதவி கேட்கும் முறைதான். கோப்பைத் திற, சாளரத்தை வரை என்று விண்டோஸ் மொழியில் வரும் வேண்டுகோளை வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி சொல்லி, விடையைத் திரும்ப விண்டோஸ் மொழியிலேயே தருகிறது வைன். கும்பினிக் காலச் சென்னையில் வணிகரிடையே நின்ற துபாஷியின் வேலையை ஒத்தது இது. மைக்ரோசாஃப்ட் வெளியிடாத நுணுக்கங்களை எல்லாம் வெளியிலிருந்து சோதித்துச் சோதித்தே அறிய வேண்டியிருந்ததால், 1.0 என்ற பதிப்பெண்ணை எட்ட 2008 ஜூன் வரை பதினைந்து ஆண்டுகள் ஆயின. இடையில் டிரான்ஸ்கேமிங் என்ற கனடிய நிறுவனம் வைனின் நிரலை எடுத்து, விளையாட்டுகளுக்கு வேண்டிய பகுதிகளைச் சேர்த்து, அவற்றை மூடிவைத்துக்கொண்டு சந்தா முறையில் விற்றது. வைனின் பழைய உரிமம் அதற்கு இடமளித்தது. இவ்வாறு எடுத்ததைத் திருப்பித் தராத போக்கைக் கண்ட வைன் நிரலாளர்கள் 2002 மார்ச்சில், மாற்றங்களைத் திறந்து தரக் கட்டாயப்படுத்தும் எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினர். டிரான்ஸ்கேமிங்கின் செடெகா சேவை 2011இல் முடிவுக்கு வந்தது, வைன் தொடர்ந்து வளர்ந்தது. அந்த உரிம மாற்றம் நிகழாதிருந்தால் பின்னாளில் வால்வ் நிறுவனம் செய்த மேம்பாடுகள் பொதுவுக்குத் திரும்பி வந்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வரைகலை இயக்கிகளின் கதையும் உடன் நடந்தது. இயக்கி என்பது குறிப்பிட்ட ஒரு வன்பொருளோடு பேசத் தெரிந்த நிரல். 1993இல் பிரையன் பால் தொடங்கிய மேசா, முப்பரிமாண வரைதலுக்கான ஓப்பன்ஜிஎல் என்ற பொதுமுறையைத் திறமூலமாக அமைத்தது. ஆனால் வரைகலை அட்டைத் தயாரிப்பாளர்கள் தம் அட்டைகளின் விவரங்களை வெளியிடாதவரை அது முழு வேகம் பெற வழியில்லை. ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டி 2007 செப்டம்பரில் விவரங்களை வெளியிடுவதாக அறிவித்தது பெரிய திருப்பம். என்விடியா மூடிய இயக்கியையே நெடுங்காலம் தந்துவந்து, 2022இல்தான் கருனிக்குள் ஓடும் பகுதியின் மூலநிரலைத் திறந்தது.

2012இல் விண்டோஸ் 8 தன்னுடைய கடையோடு வரவிருந்தபோது, வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் அதைக் கணினித் துறைக்கே பேரிடர் என்று வெளிப்படையாகச் சொன்னார். இயங்குதளத்தின் உரிமையாளரே கடைக்காரராகவும் ஆனால், அந்த இயங்குதளத்தின் மேல் கடை வைத்திருக்கும் ஸ்டீமின் கதி என்ன என்பதே அவரது கவலை. வால்வ் 'லெஃப்ட் 4 டெட் 2' விளையாட்டை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியபோது அது வினாடிக்கு 6 படங்களே வரைந்தது. பல மாதத் திருத்தத்துக்குப் பின் 2012 ஆகஸ்டில் அதே கணினியில் விண்டோஸில் 270.6 படங்களும் லினக்ஸில் 315 படங்களும் வந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டிலேயே சாம் லான்டிங்கா வால்வில் சேர்ந்தார். ஸ்டீம் 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு முறையாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எஸ்டிஎல் 2.0 இன்னும் தளர்ந்த ஸீலிப் உரிமத்தில் வெளியாயிற்று.

ஆனால் வால்வும் ஒருமுறை தோற்றது. லினக்ஸில் இயங்கும் 'ஸ்டீம் மெஷின்' கணினிகளைப் பல தயாரிப்பாளர்கள் வழியாக 2015 நவம்பரில் அது சந்தைக்குக் கொண்டுவந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட லினக்ஸ் விளையாட்டுகள் இருந்தும், மக்கள் கேட்ட பெரிய விளையாட்டுகள் அவற்றில் இல்லை. பதிப்பகங்கள் தாமாக மாற்றித் தரும் என்று காத்திருப்பது பயனற்றது என்ற பாடத்தை லோக்கிக்குப் பின் இரண்டாம் முறை அந்தத் தோல்வி கற்பித்தது.

விடை வைன் பக்கமிருந்து வந்தது. விண்டோஸ் விளையாட்டுகள் வரைவதற்கு மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி முறையை அழைக்கின்றன. அதை ஓப்பன்ஜிஎல்லாக மாற்றும்போது, ஓப்பன்ஜிஎல் தானே பல முடிவுகளை மறைவில் எடுப்பதால், வேகம் சிதைந்தது. 2016இல் வெளிவந்த வல்கன் என்ற புதிய பொதுமுறை, வரைகலைச் செயலியை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் பொறுப்பை நிரலாளரிடமே விட்டது. 'நியர்: ஆட்டோமேட்டா' விளையாட்டை லினக்ஸில் விளையாட விரும்பிய பிலிப் ரெபோலே என்ற நிரலாளர், டைரக்ட்3டி 11 அழைப்புகளை வல்கன் அழைப்புகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே நிரலகத்தை எழுதி 2018 தொடக்கத்தில் வெளியிட்டார். ஒரு மனிதரின் விருப்பத்தில் பிறந்த அந்த வேலைக்கு வால்வ் விரைவிலேயே பணம் கொடுத்தது. வைன், டிஎக்ஸ்விகே இரண்டையும் இணைத்துப் புரோட்டான் என்ற பெயரில் 2018 ஆகஸ்டில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. பயனர் எதையும் அமைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் விளையாட்டை நிறுவி இயக்கு பொத்தானை அழுத்தினால் போதும். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக்கில் ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம், மேசாவின் திறமூல இயக்கி, புரோட்டான். அதை வாங்கியவர்களுள் பலர் தாம் லினக்ஸ் பயன்படுத்துகிறோம் என்றே அறியாமல் விளையாடினர். 2018இல் ஸ்டீமின் மாதக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் 3 விழுக்காட்டைத் தாண்டியது.

இந்த வெற்றியின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். ஏமாற்று விளையாட்டைத் தடுக்க விண்டோஸ் கருனிக்குள்ளேயே புகுந்து கண்காணிக்கும் நிரல்களை நம்பியிருக்கும் 'வேலரண்ட்' போன்ற இணைய விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுவதில்லை. சில ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' விளையாட்டும் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவடைத்தது. இப்பணிக்குப் பெரும்பொருள் தருவது வால்வ் என்ற ஒரே நிறுவனம் என்பதும் கவலைக்குரியது. எனினும் வைனும் டிஎக்ஸ்விகேயும் மேசாவும் திறந்த உரிமத்தில் இருப்பதால், அந்நிறுவனம் நாளை விலகினாலும் நிரல் விலகாது.

லோக்கி விற்ற பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அவை சார்ந்திருந்த பழைய நிரலகங்கள் லினக்ஸ் வழங்கல்களிலிருந்து மறைந்துவிட்டதால், இன்றைய லினக்ஸ் கணினியில் அந்தப் பெட்டிகளில் உள்ள லினக்ஸ் பதிப்பை ஓட்டுவதைவிட, அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பை வைன் வழியாக ஓட்டுவது பெரும்பாலும் எளிது. 2005இல் மூலநிரல் திறக்கப்பட்ட 'குவேக் 3'ஐப் போல் 'டிசென்ட் 3'உம் விதிவிலக்கு. அதன் மூல நிரலாளர்களுள் ஒருவரான கெவின் பென்ட்லி 2024 ஏப்ரலில் அதன் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டதும், தன்னார்வலர்கள் அதைப் புதிய எஸ்டிஎல்லுக்கு ஏற்பத் திருத்தி மீண்டும் ஓடச் செய்தனர். 'ஆல்பா சென்டாரி'யும் 'ஹெவி கியர் 2'வும் உள்ளிட்ட, லோக்கி விற்ற மற்ற விளையாட்டுகளின் உரிமையாளர்களும், வணிகப் பயன் தீர்ந்துபோன அந்த மூலநிரல்களை வைத்திருக்கும் ஊடகங்கள் பழுதாகுமுன் வெளியிட முன்வர வேண்டும்.